ஓட்டை இருந்தால் செடிக்கு!

இரும்பு துருப்பிடிப்பதை எப்படித் தடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் ஒன்று காரைக்குடியில் இருக்கிறது. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்து, 1948ல் நேரு வந்து அஸ்திவாரக் கல் நாட்டி, 1953ல் திறந்தார்கள். அதே ஊரில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒரு தெரு. அங்கே துருவை விலை பேசி விற்கிறார்கள்!

இரண்டு கோஷ்டிக்கும் இதுவரை தகராறு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

செட்டிநாட்டுப் பக்கம் போகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம் மூன்று. கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் நின்று ஒரு போட்டோ. மெஸ்ஸில் நண்டு வறுவல். பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு. (பின்னிரண்டையும் வரிசை மாற்றிக்கொள்வது உத்தமம்.) எனக்கும் அதுதான் உத்தேசம். பல்லவன் எக்ஸ்பிரஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்த அன்றைக்கு வீட்டம்மா ஒரு கூடுதல் வேலை வைத்தாள்.

"ஊறுகாய் போட ஒரு பழைய பீங்கான் ஜாடி வாங்கிட்டு வாங்க. புதுசு வேண்டாம். புதுசுல போட்டா பூஞ்சை பூக்குது."

ஜாடிக்காகத்தான் அந்தத் தெருவில் நுழைந்தேன்.

நான் பி.காம். தேய்மானம் என்கிற சமாசாரத்தை மூன்று வருஷம் உருப்போட்டவன். மேஜை நாற்காலிக்கு வருஷா வருஷம் பத்து சதவீதம் கழித்துக்கொண்டே வா, கடைசியில் மிச்சம் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று பாடம். முனீஸ்வரன் கோயில் தெருவில் இந்தப் பாடம் அப்படியே தலைகீழ். நாற்காலிக்கு வயசு ஏற ஏற விலை ஏறுகிறது. கால் ஒன்று லேசாக ஆடினால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது!

தெரு முழுக்கப் பழைய சாமான் கடைகள். பர்மா தேக்குத் தூண்கள் வாசலில் சாய்ந்து கிடக்கின்றன. பக்கத்தில் பெல்ஜியம் கண்ணாடி. அதில் உங்கள் முகம் பார்த்தால் நீங்களே கொஞ்சம் ஜமீன்தார் மாதிரி தெரிவீர்கள். பூட்டு, சாவி, சாவி தொலைந்த பூட்டு, பூட்டு தொலைந்த சாவி, பல்லாங்குழி, முறுக்குக் குழல், மரத் தொட்டில், எண் தேய்ந்த கடிகாரம், யாரோ ஒருவருடைய கல்யாண போட்டோ. கடைசியில் சொன்னதைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது. மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். பெண் கழுத்து நிமிர முடியாத நகையுடன் உட்கார்ந்திருக்கிறாள். சட்டத்தின் மூலையில் விலைச் சீட்டு.

*

நாலாவது கடையோ ஐந்தாவது கடையோ, வாசலில் சாமான் இல்லை. செடிகள் இருந்தன.

தொட்டி என்று பார்த்தால் ஒன்றுகூடத் தொட்டி கிடையாது. நீலக் கரை போட்ட எனாமல் பேசினில் ஓமவல்லி. டிபன் கேரியரின் அடித்தட்டில் சோற்றுக் கற்றாழை. வாய் உடைந்த ஜாடியில் தூதுவளை. குளிக்கிற அண்டா ஒன்றில் செம்பருத்தி, ஆள் உயரத்துக்கு. நடுவில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டி. அதில் அல்லி!

உள்ளே ஐம்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருவர், மடித்துக் கட்டிய கைலி, நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி, ஒரு பித்தளைக் கூஜாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த நீல பேசின் என்ன விலை?"

"அது செடி தம்பி. சாமான் உள்ளே இருக்கு."

பேசினுக்கும் செடிக்கும் எப்படிப் பிரிக்கிறார் என்று கேட்டதற்கு ஒரே வரியில் முடித்தார்.

"ஓட்டை இருந்தா செடிக்கு. ஓட்டை இல்லாட்டி பெங்களூர்க்காரருக்கு."

எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சு. எங்கேயாவது இடித்து அந்தப் பூச்சு பெயர்ந்தால் உள்ளே இருக்கிற இரும்பில் ஈரம் பட்டுத் துரு ஏறும். ஏறி ஏறி ஒரு நாள் பொத்தல். சமையலுக்கு உதவாது. செடிக்கு அதுதான் வேண்டும், தண்ணீர் தேங்காமல் வடிய. "ஆணி வச்சு நாம ஓட்டை போட்டா சுத்தி இருக்கிற பூச்செல்லாம் உதிர்ந்து போகும். தானா விழுந்த ஓட்டைன்னா கரெக்டா இருக்கும்" என்றார். ஆராய்ச்சி நிலையத்தில் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்னவோ.

நல்ல பேசின் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அடியில் 'சுவீடன்' முத்திரை. காரைக்குடிச் சந்தில் சுவீடன் பேசின் எப்படி வந்தது? கப்பலில்தான். நகரத்தார்கள் பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், கல்யாணச் சீருக்கு என்று டஜன் கணக்கில் வாங்கி அனுப்பினார்கள். ஒரு பெண்ணுக்கு இத்தனை சாமான் என்று பட்டியல் எழுதிப் பரப்பி வைக்கிற ஜனங்கள். பாதிச் சாமான் ஆயுசு பூராவும் அறையைவிட்டு வெளியே வராமலே இருந்துவிடும். அதனால்தான் இன்றைக்கும் புத்தம் புதுசாகப் பழைய சாமான் கிடைக்கிறது!

"எங்க அப்பா எடைக்கு வாங்கினாரு. நான் விலைக்கு விக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். அப்பாவுக்குப் பழைய இரும்பு, பித்தளை வியாபாரம். தராசு இன்னும் கடையில் தொங்குகிறது. அதை மட்டும் விற்பதில்லை.

*

இந்த மனுஷருக்கு ஒரு கண் இருக்கிறது. அதைச் சொல்லியாக வேண்டும்.

சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லட்சுமி படம். இரண்டும் ரவிவர்மா. இரண்டும் ஒரே மாதிரி மங்கல், ஒரே மாதிரி மஞ்சள். "எது ஒரிஜினல், சொல்லுங்க பார்ப்போம்" என்று பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். முதல் படத்தில் புள்ளிகள், ரேஷன் கடை க்யூ மாதிரி அல்ல, ராணுவ அணிவகுப்பு மாதிரி, வரிசை வரிசையாக. இரண்டாவதில் புள்ளிகள் தாறுமாறாக, கடுகு இறைத்த மாதிரி.

"இறைஞ்சு கிடக்கே, அதுதான் பழசு. அந்தக் காலத்துல கல்லு மேல கையால புள்ளி வைப்பான். ஒவ்வொரு கலருக்கும் ஒரு கல்லு. வரிசையா இருக்கிறது இப்ப ஆப்செட்டுல அடிச்சு, டீத்தண்ணியில முக்கி, வெயில்ல காயவச்சது."

ரவிவர்மா 1894ல் பம்பாயில் அச்சகம் ஆரம்பித்தார். 1906ல் அவர் காலமான பிறகும் அவர் பெயரில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ராஜாக்கள் வீட்டு எண்ணெய்ச் சித்திரத்தில் மட்டும் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் காகிதத்தில் இறங்கி அடுக்களைவரை வந்தது இப்படித்தான். செட்டிநாட்டு வீடுகளில் அதோடு நிறுத்தவில்லை. படத்தில் இருக்கிற அம்மனுக்கு நிஜ ஜரிகையை வெட்டி ஒட்டிப் புடவை கட்டினார்கள். வெல்வெட்டில் ரவிக்கை. சமிக்கியில் ஒட்டியாணம். அப்புறம் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்துவிடுவது.

இன்னொன்று காட்டினார். கண்ணாடிச் சித்திரம். கண்ணாடியின் பின்பக்கம் வரைந்து முன்பக்கமாகப் பார்க்கிற வித்தை. இதில் வேடிக்கை என்னவென்றால் எல்லாம் தலைகீழ். சாதாரணப் படத்தில் கடைசியாக வைக்கிற மூக்குத்தியை இதில் முதலில் வைக்க வேண்டும். அப்புறம்தான் மூக்கு. அப்புறம் முகம். பின்னணி எல்லாவற்றுக்கும் கடைசி. நடுவில் ஓர் இடம் பிசகினால் திருத்த வழியே இல்லை. நம் ஆபீஸில் சிலபேர் இப்படித்தான் முதலில் கையெழுத்தை வாங்கிவிட்டு அப்புறம் கடிதம் தயாரிப்பார்கள். ஆனால் படம் இவ்வளவு அழகாக வராது.

ஜாடி சமாசாரத்துக்கு வந்தேன். இருந்ததிலேயே அழகானதைக் காட்டினேன். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினார். 'டொக்' என்றது. "கீறல் இருக்கு தம்பி. கண்ணுக்குத் தெரியாது. உப்பு இறங்கி ஊறுகாய் கெட்டுப்போகும், தங்கச்சி என்னைத் திட்டும்" என்று அதை எடுத்துச் செடி வரிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். வேறு ஒன்று எடுத்துத் தட்டினார். 'ணங்' என்றது. அது என் கைக்கு வந்தது. விலையைச் சொல்ல மாட்டேன், வீட்டில் இந்தப் பத்திரிகை படிப்பார்கள்.

*

ஒரு பெட்டி நிறையக் கணக்குப் புத்தகங்கள். என் ஜாதகத்தில் எங்கே போனாலும் கணக்குதான்.

புரட்டிப் பார்த்தேன். மேலே 'சிவமயம்'. கீழே ரங்கூன், மோல்மேன் என்று ஊர்ப் பெயர்களோடு பற்று வரவு. நாம் பாலன்ஸ் ஷீட் என்று சொல்வதற்கு அவர்கள் வைத்த பெயர் ஐந்தொகை. உத்தியோகப் படிகள் இன்னும் ஜோர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். மூன்று வருஷத்துக்கு ஒரு கணக்கு என்று ஆள் அனுப்புவார்கள். மூன்று வருஷம் முடிந்தால்தான் ஊர், பெண்டாட்டி, பிள்ளை எல்லாம். சனிக்கிழமை அரை நாள் வேலைக்கு முகம் சுளிக்கிற நாம் எல்லோரும் ஒரு தடவை அந்தப் பெட்டியடிப் பையனை நினைத்துக்கொள்வது நல்லது.

1930 வாக்கில் உலகம் முழுக்க மந்தம். நெல் விலை விழுந்தது. பர்மாவில் கடன் வாங்கியவர்களால் திருப்ப முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் வயல்களில் கால்வாசி செட்டியார்கள் கையில். வாராக்கடன் சொத்தாக மாறிவிட்டதே என்று சந்தோஷப்பட முடியாது. 1942ல் ஜப்பான்காரன் வந்தான். ஏராளமானபேர் நடந்தே ஊர் திரும்பினார்கள். சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கியது. அப்புறம் ராணுவம் வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. வீட்டைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்ததோ அந்த ஊற்று அடைபட்டது. வீடு மட்டும் நின்றது, ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை.

வெள்ளையடிக்கவே லட்சக்கணக்கில் ஆகும் வீடு. பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர், ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் அமெரிக்கா. எல்லோரும் கூடுவது கல்யாணத்துக்கும் சாந்திக்கும். பழுது பார்க்க ஒருமனப்படாதவர்கள், ஒரு நாள் விற்க ஒருமனப்படுகிறார்கள். அப்புறம் தூண் தனியாக, நிலை தனியாக, ஓடு தனியாக லாரி ஏறுகிறது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014லேயே செட்டிநாட்டுக் கிராமங்களின் பெயர் ஏறியிருக்கிறது. அதற்காக லாரி நிற்கவில்லை.

கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன். "அண்ணே, வீடு இடிஞ்சாத்தானே உங்களுக்கு வியாபாரம்?"

கூஜாவைத் தேய்க்கிற கை நிற்கவில்லை. "ஆமா. ஒரு தூணு கடைக்கு வந்தா எங்கேயோ ஒரு வளவு போச்சுன்னு அர்த்தம். இடிக்கிற வீட்டுக்குக் கூப்பிட்டா போவேன். இடிங்கன்னு சொல்லிப் போகமாட்டேன். அவ்வளவுதான் நம்ம யோக்கியதை."

இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பற்றிலும் கொஞ்சம், வரவிலும் கொஞ்சம்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. காலையில ஆறு மணிக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

தூங்குகிற வேலை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

*

டி.வி.எஸ். எக்ஸெல்லில் பின்னால் உட்கார்ந்து இருபது நிமிஷம். மண்வெட்டி, அரிவாள், சாக்கு எல்லாம் முன்னால் அவர் காலடியில். அது அவருடைய சொந்த ஊர். பெயர் போட வேண்டாம் என்றார். "ஒரு ஊரு பேரைப் போட்டா பக்கத்து ஊர்க்காரன் சண்டைக்கு வருவான். எங்க ஊருணி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சும்பான்."

செட்டிநாட்டுக் கிராமங்களில் வீட்டைப் பார்த்து வாய் பிளக்கிறோம். அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் தண்ணீரில் இருக்கிறது. வளவின் நடுவில் விழுகிற மழையை அண்டாவில் பிடித்துக்கொள்வார்கள். நிறைந்தது போக மிச்சம் வீட்டைவிட்டு இறங்கி, தெருவோரக் கால்வாயில் ஓடி, ஊருணிக்குப் போய்ச் சேரும். தெருவின் சாய்வே அதற்குத் தகுந்தாற்போல் வைத்ததுதான். குடிக்க ஓர் ஊருணி, குளிக்க ஓர் ஊருணி, மாட்டுக்கு ஒன்று. ஆறு கிடையாத வறண்ட பூமியில், ஐப்பசி கார்த்திகை மழையை வைத்தே வருஷத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

நான் போனது புரட்டாசி. மழைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கல்லூரிப் பையன்கள் நாலு, ஒரு ரிட்டயர்டு வாத்தியார், பால்காரர், மூன்று பெண்கள், ஒரு நாய். படித்துறை செம்பாறாங்கல், வரிசை கலையாமல் அழகாக இருக்கிறது. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் படி இருப்பதே தெரியாதாம். சீமைக் கருவேலம் மூடியிருந்தது. 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள். வெட்டினால் சாகிற மரமா அது? அடிக்கட்டை இருந்தால் அடுத்த மழைக்கு நாலு கிளையாக வரும். வேரோடு பெயர்க்க ஜே.சி.பி. வேண்டும். வாடகையில் பாதி ஊர்ப் பொதுப்பணம், பாதி இவர் கைப்பணம்.

அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். பழைய சாமான் வியாபாரி ஒருவர் கைக்காசு போட்டுக் குளத்தைத் தோண்டுகிறார் என்றால் ஊர் என்ன பேசும்? "அவனுக்கென்ன ஊருணி மேல பக்தி? உள்ளே ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுதான் இறங்கியிருக்கான்!" டீக்கடையில் ஒரு செம்புக்குடம் தங்கக்குடமாக, ஒரு வாரத்தில் தங்கக்குடம் ஐம்பொன் சிலையாக வளர்ந்துவிட்டது. ராத்திரி யாரோ கரையில் டார்ச் அடித்துக் காவல் இருந்தார்களாம். பெண் கொடுத்த சம்பந்தி வீட்டிலிருந்தே, "மாமா, ஏதாவது ஆப்டுச்சா?" என்று போன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் எடுத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அந்தப் பத்து ரூபாய் இன்னும் மாறவில்லை. இன்றைக்கு ஒரு டீக்கு ஆகிற காசு! நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, சித்திரம் என்றால் 1972ஆம் வருஷச் சட்டம் தனியாக இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேண்டும். இவருக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார். "ஊருணி எல்லையிலிருந்து ஒரு குந்துமணி என் கடைக்கு வராது. கிடைக்கிறதை வாத்தியார் நோட்டுல எழுதட்டும்."

வாத்தியார் நோட்டைப் பார்த்தேன். அற்புதமான இலக்கியம். பாலிதீன் பை இருபத்தெட்டுச் சாக்கு. பிராந்தி பாட்டில் நானூற்றுச் சொச்சம். ஷாம்பு பாக்கெட் எண்ணவில்லை. 2019ல் அரசாங்கம் தடை போட்ட பைகளெல்லாம் எங்கே போயின என்று கேட்பவர்கள் இங்கே வந்து பார்க்கலாம். செருப்பு ஒற்றைக்கால் அறுபது. (மற்ற அறுபது எங்கே சார்?) எனாமல் தட்டு மூன்று, ஓட்டை. வெண்கலக் கரண்டி ஒன்று, பிள்ளையார் கோயில் மடப்பள்ளியில் ஒப்படைக்கப்பட்டது. தங்கக்குடம்: இல்லை.

சந்தேகம் தீர்ந்ததா என்றால், பாதிதான். கிடைக்கவில்லை என்று நோட்டில் எழுதினால், மறைத்துவிட்டான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

*

மீதிப் பாதி தீர்ந்த கதையை வாத்தியார் சொன்னார். கடைக்காரர் அந்தப் பக்கம் போய்ச் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தார், காது மட்டும் இங்கே.

ஊருணிக் கரையில் ஓர் அரசமரம். நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். சாமி படம் கண்ணாடி உடைந்தால் வீட்டில் வைக்கவும் மாட்டோம், குப்பையில் போடவும் மனசு வராது. கொண்டுபோய் மரத்தடியில் சாத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம். சாமி வெயிலிலும் மழையிலும் கிடக்கும். அந்த மரத்தடியில் அப்படி நாற்பது ஐம்பது படம். பெரும்பாலும் சிவகாசிக் காலண்டர். கோவில்பட்டி கொண்டையராஜு பாணி முருகன், சிரித்த முகம். செல்லரித்த சட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, அடியில் ஒரு லட்சுமி.

இவர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாராம். புள்ளி இறைந்து கிடந்தது. ஜரிகைப் புடவை, கறுத்துப்போய், ஆனால் ஒரு இழை பிரியாமல்.

"எனக்கு அவர் முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுபோச்சு, இது பெரிய விலைன்னு" என்றார் வாத்தியார். "நானே சொன்னேன். அப்பா, மரத்தடி வேற, ஊருணி வேற. இதை யாரோ தூக்கிப் போட்டது. நீ கொண்டுபோ, தப்பில்லைன்னேன். பால்காரரும் சொன்னாரு. ஊர்லயே எவனும் கேட்கமாட்டான்."

"கரை ஊருணி எல்லைதானே" என்றாராம் இவர். அவ்வளவுதான் பேச்சு.

கடைக்குக் கொண்டுபோகவில்லை. பிள்ளையார் கோயில் மண்டபத்திலேயே பாயை விரித்து, நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தூரிகையால் தூசி தட்டி, பூஞ்சை பட்ட அட்டையை மாற்றி, புதுக் கண்ணாடி போட்டு, பழைய தேக்குச் சட்டம் ஒன்றைத் தன் கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். சாமான் கடையிலிருந்து ஊருக்குப் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை! விஷயம் எப்படியோ கசிந்து, காரில் ஒருவர் வந்து மண்டபத்தில் வைத்தே ஐந்து இலக்கத்தில் விலை சொன்னாராம். "கோயில் படம் சார், எனக்குப் பாத்தியதை இல்லை" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அப்புறம் ஒரு மாசம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் கோயிலுக்கு வந்தார். எண்பது வயசு. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினவர் மண்டபத்தில் அப்படியே நின்றுவிட்டார். கிட்டப் போய், கண்ணாடி மேல் விரலை வைத்து, புடவைக் கரையைத் தடவினாராம்.

"இது எங்க அப்பத்தா கூறைப்புடவை ஜரிகை. நான் சின்னப் பிள்ளையில பசை காய்ச்சிக் கொடுத்தேன்."

வீட்டை விற்றபோது பங்காளிகள் யாருக்கும் படம் வேண்டியிருக்கவில்லை. யாரோ மரத்தடியில் வைத்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளை என்று ஆச்சி கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஆச்சி எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று இவர் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிளாட்டுல எங்கே மாட்டுறது? ஆணி அடிக்க விடமாட்டாங்க. இங்கேயே இருக்கட்டும்" என்றாராம்.

இந்தக் கதை ஊருக்குள் நடந்துவிட்டதில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஏழு பேர் கூடுதலாக வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தர் டார்ச் அடித்துக் காவல் இருந்தவர்.

நானும் போய்ப் பார்த்தேன். சின்னப் படம்தான். லட்சுமி முகத்தில் ஒரு பக்கம் ஈரக்கறை, தேமல் மாதிரி. அதைத் தொடாமல் விட்டிருக்கிறார். "முகத்துல கைவச்சா வேற ஆளா ஆயிடும்" என்று காரணம். ஜரிகை மட்டும், ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில், மினுக் என்றது.

*

இரண்டு மணி நேரம் வேலை. நான் நிரப்பியது ஒன்றேகால் சாக்கு. முதுகு எனக்கு மூன்று நாளைக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது. வரத்துக்கால்வாயில் அடைத்திருந்த கடைசித் தடுப்பை, யாரோ வீட்டுக் கட்டடக் குப்பை, பையன்கள் உடைத்து எடுத்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். தண்ணீர் ஒன்றும் வரவில்லை. மழை வந்தால்தானே வரும். இருந்தாலும் தட்டினார்கள்.

வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் கேப்பைக் கூழ், சின்ன வெங்காயம். அப்புறம் ஒரு செடித் துண்டு. இதுதான் இங்கே சம்பளம். கடை வாசலில் நான் பார்த்த ஓமவல்லியும் தூதுவளையும் கிளை கிளையாக ஈரச் சாக்கில் சுற்றி வருகின்றன. விற்பது கிடையாது, ஊருணிக்கு வந்தவர்களுக்கு மட்டும். ஊரில் பல வீட்டுத் திண்ணையில் இப்போது ஓட்டை எனாமலில் செடி இருக்கிறது. நோட்டில் எழுதிய அந்த மூன்று தட்டும் அங்கேதான் எங்கேயோ இருக்கின்றன.

ஒரு குந்துமணிகூட ஊருணியிலிருந்து கடைக்கு வராது என்றாரே, அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. வருஷத்துக்கு இரண்டு சட்டி வண்டல் மண், செடிக்கு. அதையும் ஊர்க்கூட்டத்தில் கேட்டு, வாத்தியார் நோட்டில் எழுதித்தான்.

எனக்குப் பிரண்டை கிடைத்தது. "வாடகை வீடா? பால்கனியா? அப்ப இதுதான் சரி. தண்ணி ஊத்த மறந்தாலும் கோவிச்சுக்காது" என்று ஒரு கணுவை ஒடித்துக் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார்.

போகிறவர்களுக்காகச் சில விவரங்கள். தெருவின் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். பேரம் பேசலாம், ஆனால் பூதக்கண்ணாடி இல்லாமல் ரவிவர்மா வாங்க வேண்டாம். ஜாடி வாங்கினால் தட்டிப் பார்த்து வாங்கவும். வாசலில் செடி இருக்கிற கடை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல்தான் திறக்கும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டுமானால் பழைய செருப்பு போட்டுக்கொண்டு ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். கையுறை அவரே தருகிறார்.